பச்சைக் குடமும் கிரேக்க வரலாறும்

பண்டைய கிரேக்க வரலாறு எங்கள் துறையின் பாடத்திட்டத்தில் பல வருடங்களாகப் பெயரளவில் மட்டும் இருந்தது. விருப்பப் பாடங்களின் வரிசையில் அச்சாகும். நடத்த ஆள் கிடையாது என்பதால் மாணவர்களும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். நான் அதைக் கேட்டு வாங்கினேன். திருச்சிக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எனக்கு என்ன தெரியும், எதை நன்றாக நடத்துவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

துறைத் தலைவர் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசிப்பவர் என்பதால் எதையும் நிறுத்தி நிதானமாகத்தான் பேசுவார்.

"கிரீஸ்ல நம்ம பிள்ளைங்களுக்கு என்ன மேடம் இருக்கு? குரூப் டூ பரீட்சைல ஒரு கேள்வி வருமா?"

"வராது சார். ஆனா ஒரு ஊர்ல சாதாரண ஜனங்க கூடி உட்கார்ந்து, வக்கீல் இல்லாம, ஜட்ஜ் இல்லாம, தாங்களே தீர்ப்பு சொன்னா என்னென்ன நடக்கும்னு அதுல இருக்கு. வேற எந்தப் பேப்பர்லயும் நாம அதைச் சொல்லித் தர்றதில்லையே."

"சரி, ஒரு செமஸ்டர் நடத்திப் பாருங்க" என்றார்.

பாடம் ஆரம்பித்த முதல் நாளே நிபந்தனைகளை ஒரு பக்கத்தில் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டேன். வருகைப் பதிவு கல்லூரி சொல்வதுதான். வைகுண்ட ஏகாதசி அன்று பாலத்தில் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவேன், ஏனென்றால் நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்தான் வருகிறேன். மற்ற நாளில் அதே காரணத்தைச் சொன்னால் நம்ப மாட்டேன். நோட்ஸ் சொல்லி எழுத வைக்க மாட்டேன். ஒரு கட்டுரை எழுத வேண்டும், ஆங்கிலத்திலோ தமிழிலோ. எழுதியதை வகுப்பின் முன்னால் நின்று பேசிக் காப்பாற்ற வேண்டும், அதைத் தமிழிலேயே செய்யலாம். அக மதிப்பெண்ணில் பாதி எழுத்துக்கு, பாதி பேச்சுக்கு. எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், பேச்சில் நிற்கவில்லை என்றால் எழுத்துக்கான மார்க்கும் பாதியாகும்.

இந்தக் கடைசி நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் வேறொரு பாடத்துக்கு வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருந்தன. பிழையில்லாத ஆங்கிலம், வழுவழுப்பான வாக்கியங்கள். எழுதியவர்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டால் முழித்தார்கள். கையிலிருக்கும் போனில் கேட்டால் அது எழுதித் தருகிறது, பிறகு யார்தான் மெனக்கெடுவார்கள்? எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. போனைப் பிடுங்கும் உத்தேசமும் இல்லை. அது எழுதித் தந்ததையே தலையில் ஏற்றிக்கொண்டு வந்து பேசட்டும், எனக்கு அதுவும் போதும்.

ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றங்களில் பேசுவதற்கு நேரம் உண்டு. ஒரு பானையின் அடியில் இருக்கும் துளை வழியாகத் தண்ணீர் ஒழுகி முடியும் வரை பேசலாம். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே அளவு தண்ணீர். இதைப் படித்த நாளிலிருந்தே வகுப்பில் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு பச்சை ப்ளாஸ்டிக் குடம் வாங்கினேன். வீட்டில் ஆணியைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டேன். முதல் ஓட்டை பெரிதாகிவிட்டது. அதில் பேசினால் வணக்கம் சொல்வதற்குள் குடம் காலி. எம்-சீல் வைத்து அதை அடைத்து, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று போட்டேன். வகுப்பில் மேஜையின் விளிம்பில் குடம், கீழே ஒரு பக்கெட். முதல் நாள் தரையெல்லாம் ஈரம். துறைத் தலைவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

மாணவர்களுக்குக் குடம் பிடித்துப்போயிற்று. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே பேசுவதில் ஒரு வேகம் வரும். உறையூரிலிருந்து வரும் ஒரு பையன், மூன்று வருடமாக வகுப்பில் வாயே திறக்காதவன், ஸ்பார்ட்டாவில் ஏழு வயதுப் பிள்ளைகளை வீட்டைவிட்டுக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்ததைப் பற்றிப் பேசினான். சொட்டுவது நின்ற பிறகும் அவன் நிறுத்தவில்லை. நான்தான் கையைக் காட்டி உட்கார வைக்க வேண்டியிருந்தது.

அந்த வகுப்பில் முதல் மாணவி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பெண் இருந்தாள். மணப்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். முன் பெஞ்சில் நடுவில் உட்காருவாள். எந்தப் பாடத்திலும் முதல் மார்க் அவளுக்குத்தான் என்பதால், விடைத்தாள் கொடுக்கும்போது மற்றவர்கள் தங்கள் மார்க்கைப் பார்க்கும் முன் அவள் மார்க்கைப் பார்ப்பார்கள்.

அவள் எடுத்துக்கொண்டது தளபதிகள் வழக்கு. ஏதென்ஸின் கப்பற்படை ஒரு பெரிய கடற்போரில் ஜெயித்தது. ஆனால் உடைந்த கப்பல்களில் இருந்த சொந்த வீரர்களைத் தளபதிகளால் காப்பாற்ற முடியவில்லை. புயல் வந்துவிட்டது என்றார்கள். ஊர் திரும்பியதும் மக்கள் சபை அவர்களை விசாரித்தது. தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பது முறை. கோபத்தில் இருந்த கூட்டம் அதைக் கேட்காமல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓட்டெடுப்பு நடத்தி, ஊர் திரும்பியிருந்த ஆறு பேரையும் கொன்றது. பிறகு அதே மக்கள் தாங்கள் செய்ததை நினைத்து வருந்தினார்கள்.

அவளுடைய கட்டுரை படிக்கச் சுகமாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். அவள் பேச வந்த நாளில் குடத்தை நிரப்பிவிட்டு முதல் கேள்வியை நானே கேட்டேன்.

"தனித்தனியா விசாரிக்கணும்னு எழுதியிருக்கே. ஏன் தனித்தனியா? எல்லாரும் ஒரே போர்ல, ஒரே இடத்துலதானே இருந்தாங்க?"

கட்டுரையில் இருந்த வாக்கியத்தை அப்படியே சொன்னாள்.

"அது நீ எழுதினது. அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கறேன்."

மறுபடியும் அதே வாக்கியம், ஒரு வார்த்தை மாறாமல். பிறகு பேச்சு நின்றுவிட்டது. பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் குடத்தை நானே கீழே இறக்கி வைத்தேன்.

நிபந்தனையில் சொன்னபடியே மார்க் போட்டேன். பேச்சுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, எழுத்துக்குப் பாதி. அவளைப் போல இன்னும் சிலரும் இருந்தார்கள். யாருக்கு ஏன் குறைத்தேன் என்று ஒவ்வொருவர் கட்டுரையின் கடைசியிலும் எழுதித்தான் கொடுத்தேன். மார்க் போடுவதில் நான் கறார். காரணம் சொல்லாமல் ஒரு மார்க்கைக்கூடக் குறைக்க மாட்டேன்.

மறுநாள் மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"மேம், இது நியாயமில்லை."

"எது?"

"எனக்கு இவ்வளவு கம்மியா யாரும் போட்டதில்லை."

"அது எனக்குப் பதில் இல்லைம்மா. நான் முதல் நாளே சொன்னதுல எதை மீறியிருக்கேன்னு சொல்லு, இப்பவே மாத்தறேன்."

"ஒன்னும் மீறலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அழுது மார்க் வாங்கப் பார்ப்பவர்கள் உண்டு, அப்பாவைக் கூட்டி வருபவர்கள் உண்டு. இவள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னாள், அது தனக்கு எதிராக இருந்தும்.

இரண்டு நாள் கழித்து, வகுப்பு முடிந்து நான் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை கையில் நூலகப் புத்தகம் ஒன்று, பக்கங்களுக்கு நடுவே பஸ் டிக்கெட்டுகள் அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தன.

"மேம், ஏதென்ஸ் கோர்ட்ல ரெண்டு ஓட்டு உண்டுல்ல?"

"உண்டு. குற்றவாளியா இல்லையான்னு ஒன்னு. குற்றவாளின்னு ஆயிட்டா, தண்டனை சட்டத்துல சொல்லப்படாத வழக்குல, என்ன தண்டனைன்னு இன்னொன்னு."

"அந்த ரெண்டாவது ஓட்டுல குற்றவாளியும் தனக்கு என்ன தண்டனைன்னு சொல்லலாம். வாதி ஒன்னு சொல்லுவார், இவர் ஒன்னு சொல்லுவார். ரெண்டுல ஒன்னைத்தான் எடுக்கணும், ஜூரி நடுவுல மூணாவதா ஒன்னைக் கண்டுபிடிக்க முடியாது. சரியா மேம்?"

"சரி."

"அப்ப நான் குற்றவாளின்னு ஒத்துக்கறேன். கட்டுரையை போன்தான் எழுதுச்சு. நான் ஒழுங்காப் படிக்கக்கூட இல்லை. எனக்கு ரெண்டாவது ஓட்டு வேணும்."

நான் சாமான்களைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் பாடத்தில் படித்ததை எடுத்து என் முன்னாலேயே நீட்டுகிறாள். ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாணவர்கள் ஓட்டுப் போட்டு மார்க்கை முடிவு பண்றதா? மேடம், பரீட்சை கண்ட்ரோலர் என்னைத் தூக்கி வெளியே வெச்சுடுவார்."

"மார்க் நான்தான் சார் போடுவேன். அதுல யாருக்கும் பங்கில்லை. இந்தப் பொண்ணுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கணுமா, வேண்டாமாங்கறதை மட்டும் வகுப்பு சொல்லட்டும். வாய்ப்பு கொடுக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. நான் அதை அவங்க கையில கொடுக்கறேன், அவ்வளவுதான்."

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா?"

"பழைய மார்க்தான்."

"வேணும்னு சொல்லிட்டா, அதே மாதிரி மார்க் குறைஞ்ச மத்தவங்க?"

"அவங்களுக்கும் அதே வாய்ப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் வந்து உட்காரலாமா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் வகுப்பில் கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வெள்ளைச் சாக்பீஸும் ஒரு சிவப்புச் சாக்பீஸும் கொடுத்தேன். வெள்ளை என்றால் என் பக்கம், சிவப்பு என்றால் அவள் பக்கம். எதைப் போடுகிறார்கள் என்று தெரியாதபடி கைக்குள் மூடிப் பெட்டியில் போட வேண்டும். மிச்சத்தை இன்னொரு பெட்டியில். ஏதென்ஸிலும் ஏறக்குறைய இப்படித்தான், அங்கே வெண்கல வில்லைகள்.

முதலில் குடத்தை எனக்காக நிரப்பினார்கள். நான் நன்றாகவே பேசினேன். நிபந்தனை எல்லோருக்கும் ஒன்று, முதல் நாளே தெரியும், அதை நம்பிப் படித்து வந்து பேசியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், இவளுக்கு மறுவாய்ப்பு கொடுத்தால் அவர்கள் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். உறையூர்ப் பையனைக் காட்டிச் சொன்னேன். பல தலைகள் ஆடின. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் எழுந்து வந்தாள். குடத்தை அவளே நிரப்பினாள்.

"மேம் சொன்னதுல தப்பே இல்லை. நான் அதை மறுக்கப் போறதில்லை" என்று ஆரம்பித்தாள். "மேம் கேக்கற தண்டனை, மார்க் அப்படியே இருக்கணும்கிறது. அது எனக்குச் சுலபம். கொஞ்ச நாள் வருத்தமா இருக்கும், அப்புறம் மறந்துடுவேன். அந்த வழக்கைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாமலே நான் டிகிரி வாங்கிட்டுப் போயிடுவேன். நான் கேக்கற தண்டனை வேற. நான் மறுபடி வந்து நிக்கறேன். இந்தக் குடம் வேண்டாம். ஒரு மணி நேரம் முழுக்க. மேம் மட்டுமில்லை, நீங்க எல்லாருமே கேளுங்க, எது வேணா கேளுங்க. பதில் தெரியலைன்னா இப்ப இருக்கற மார்க்கும் வேண்டாம், ஜீரோ போடட்டும். இதுல எது கஷ்டமான தண்டனைன்னு நீங்களே பாருங்க."

குடத்தில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சாக்பீஸ்களைக் கொட்டிப் பிரித்தபோது எண்ணவே தேவைப்படவில்லை. சிவப்புக் குவியல் அவ்வளவு பெரிது. உறையூர்ப் பையனைப் பார்த்தேன். அவன் தன் விரல்களைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தான். சிவப்பு மாவு அப்பியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. என் வாதம் சரியான வாதம்தான், இன்றைக்கும் அதையேதான் பேசுவேன். அவளுடையது என்னுடையதைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

மார்க் குறைந்த மற்றவர்களிடமும் கேட்டேன், யாருக்கெல்லாம் இதே தண்டனை வேண்டும் என்று. ஒரு மணி நேரம், ஜீரோ என்றதும் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள்.

அவள் நாள் வந்தது. துறைத் தலைவர் அன்றும் கடைசி பெஞ்சில் இருந்தார். கரும்பலகையில் முதலில் கடலை வரைந்தாள். தீவு எங்கே, கப்பல்கள் எங்கே, கரை எந்தப் பக்கம், காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று அம்புக்குறி போட்டாள். மணப்பாறை பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் படித்தாளாம். கேள்விகள் வர ஆரம்பித்தன. கப்பலுக்கு எத்தனை துடுப்பு, துடுப்புப் போட்டவர்கள் அடிமைகளா, தளபதிக்கு ஓட்டுப் போட்டது யார் என்று சின்னக் கேள்விகள் முதலில். பெண்களுக்கு ஓட்டு உண்டா என்று ஒருத்தி கேட்டாள். "கிடையாது. அங்க இருந்தா இந்நேரம் நான் வீட்டுக்குள்ள நூல் நூத்துட்டு இருப்பேன்" என்றாள். வகுப்பு சிரித்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஒரு பெண்தான் பெரிய கேள்வியைக் கேட்டாள். "ஜெயிச்சுட்டு வந்தவங்க மேல ஊருக்கு ஏன் இவ்வளவு கோபம்? புயல்னு சொல்றாங்களே, அதை ஏன் நம்பலை?"

மணப்பாறைப் பெண் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"கொள்ளிடத்துல தண்ணி வர்றப்ப யாராவது அடிச்சுக்கிட்டுப் போயிட்டா, ஃபயர் சர்வீஸ் வந்து தேடுவாங்கள்ல. பாலத்து மேல கூட்டமா நின்னு பாப்போம். கரையில அந்த வீட்டு ஜனங்க உட்கார்ந்திருப்பாங்க. உயிரோட வருவாங்கன்னு அவங்க நினைக்கலை. உடம்பு வேணும். எடுத்துட்டுப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்யணும். அது கிடைக்காம நேரம் ஆக ஆக, தேடற ஆளுங்களையே திட்ட ஆரம்பிப்பாங்க. தண்ணி வேகம் அவங்களுக்கும் தெரியும். இருந்தாலும் திட்டுவாங்க. ஆத்தைத் திட்ட முடியாதில்ல. ஏதென்ஸ்லயும் அப்படித்தான் இருந்திருக்கும்னு நினைக்கறேன். புதைக்க உடம்பு இல்லாத வீடுங்க எத்தனையோ. புயலைக் கூண்டுல ஏத்த முடியாது. தளபதிங்க கைக்கு எட்டற தூரத்துல இருந்தாங்க."

யாரும் எழுதிக்கொள்ளவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன், "அப்ப அந்தத் தீர்ப்பு சரியா?"

"இல்லை மேம். கோபம் நியாயம். தீர்ப்பு தப்பு. ஒருத்தன் கப்பலே உடைஞ்சு தண்ணில கிடந்திருப்பான், ஒருத்தன் கரைக்குப் பக்கத்துல இருந்திருப்பான். யாரால முடிஞ்சும் செய்யலை, யாரால முடியவே இல்லைன்னு ஒவ்வொருத்தரா கேட்டாத்தானே தெரியும்? அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, ஏன் தனித்தனியான்னு. அதுக்குத்தான்."

போன் எழுதித் தந்த கட்டுரையை நான் மறுபடி எடுத்துப் பார்த்திருந்தேன். கொள்ளிடம் மாதிரி எதுவும் அதில் இல்லை. கரையில் உட்கார்ந்திருக்கும் வீட்டு ஜனங்களும் இல்லை.

மணி அடித்தது. துறைத் தலைவர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, ஓரமாக வைத்திருந்த குடத்தைத் தட்டிப் பார்த்தார். "அடுத்த வருஷமும் இந்தப் பேப்பரை வெச்சுக்குங்க. இந்த ரெண்டாவது விசாரணையையும் நிபந்தனையிலேயே எழுதிடுங்க, நான் பாடத்திட்ட போர்டுல பாஸ் பண்ணித் தர்றேன்" என்றார். சொன்னபடி செய்தார். அடுத்த வருடம் பாடத்தை எடுத்தவர்களுக்கு எங்கள் துறையின் பெரிய அறையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அவள் பேசிய அன்று மாலையே அவளுக்கு மார்க் போட்டுக் காட்டினேன். முழு மார்க் போடவில்லை. முதல் தடவை பேச்சில் நிற்காததற்குக் குறைத்ததைத் திருப்பிக் கொடுத்தேன்; ஆனால் ஒரு இடத்தில் வெட்டியிருந்தேன். அவள் தாளை வாங்கி அந்த இடத்தைப் பார்த்தாள்.

"இது எதுக்கு மேம்?"

"தளபதிகளைக் கொன்ன அதே வருஷம் ஏதென்ஸ் தோத்துப்போச்சுன்னு சொன்னே. அந்தப் பெரிய தோல்வி அடுத்த வருஷம். நல்லாப் பேசினேங்கறதுக்காக வருஷத்தை விட்டுக்கொடுக்க முடியாது."

தாளை மறுபடி பார்த்தாள். புத்தகத்தைத் திறந்து, டிக்கெட் வைத்திருந்த ஒரு பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்தாள்.

"ஆமா மேம். அடுத்த வருஷம்தான்" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டு வரேன்."